கமலவேணியின் வாயாங்

கமலவேணிக்கு அருள் வந்ததும் கூட்டமே கைகூப்பியது. அவள் கணவர் ரங்கசாமி மட்டும் அவள் மூக்கைப் பார்த்தார். கண்ணாடியைக் காணோம். அது இல்லாமல் உப்புக்கும் சீனிக்கும் வித்தியாசம் தெரியாதவள், முன்கூட்டியே கழற்றிப் பைக்குள் வைத்திருக்கிறாள். தாலிச் சங்கிலிக்கு ஊக்கு வேறு. சாமி என்ன, நேரம் சொல்லிவிட்டா வரும்?

"என்னை இங்கேருந்து கிளப்பாதே" என்று அலறினாள்.

டுரியான் துங்கால் எஸ்டேட் கை மாறிவிட்டது. அதற்குள் இருக்கும் மாரியம்மன் கோயிலை எடுக்கச் சொல்லி, பதிலுக்குப் புது முதலாளி தருவது பாயா ரும்புட்டில், சாக்கடை ஓரமாக ஒரு துண்டு நிலம். கோயில் தலைவர் ரங்கசாமி யார் பேச்சையும் கேட்காமல் தலையாட்டிவிட்டார். நாளைக்குக் கையெழுத்து.

"வாயாங்" என்று பல்லைக் கடித்தார். விளக்குக்கு முன்னால் தோல் பொம்மையை ஆட்டித் திரையில் நிழல் காட்டும் மலாய்க்காரர் கூத்துக்கு அந்தப் பெயர். பிறகு சினிமாவுக்கும் அதுவே பெயரானது. நம் ஆட்களோ, அளவுக்கு மீறி நடிக்கிறவர்களை எல்லாம் அப்படித்தான் சொல்வார்கள். சரி, நிழல் ஆடினால் பின்னால் ஆட்டுகிறவன் ஒருவன் இருக்கவேண்டுமே. எவன் அவன்? செயலாளர் ராமையாவா? கூட்டத்துக்குக் கூட்டம் இடமாற்றத்தை எதிர்த்தவர் அவர்தான்.

அந்த ராமையாவே சூடத்தையும் லைட்டரையும் ரங்கசாமியிடம் நீட்டினார். "தலைவரே, நீங்களே சோதிச்சுப் பாருங்க. உண்மையான அருளுன்னா கை சுடாது."

கமலவேணி உள்ளங்கையை நீட்டினாள். ஊசி போடவே கண்ணை மூடிக்கொள்கிறவள் அவள். ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ரங்கசாமி ராமையாவைப் பார்த்தார். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றார். பாவம், மனுஷன் நிஜமாகவே நம்பிவிட்டார்.

லைட்டர் ரங்கசாமியின் கையிலிருந்து நழுவியது. பொத்தென்று மனைவியின் காலில் விழுந்தார். "தாயே, மன்னிச்சிடு. கையெழுத்துப் போட மாட்டேன்" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்.

அவள் குனிந்து திருநீறு பூசினாள். "போதும், ரொம்பச் செய்யாதீங்க" என்று காதோரம் முணுமுணுத்தாள்.

புக்கிட் பெருவாங் வீட்டுக்குத் திரும்பும்போது காரில் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். ரங்கசாமிக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரு சொல்லணும்? அந்தச் சாக்கடைக்கிட்ட கோயில் வேணாம்னு வீட்ல மூணு வாட்டி சொன்னேன். சும்மா இரு லா, உனக்கு என்ன தெரியும்னீங்க. ஆத்தா ஒரே வாட்டிதான் சொன்னா."