சீட்டில் வராத சைவம்

"வெறும் வார்னிங்தான் வாணி. ஓடுதுல்ல?" என்றான் ஜைத், திரையில் வந்திருந்த எச்சரிக்கை வரியைக் காட்டி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் இருவரே நடத்தும் அலுவலகம். சுகுமாறன் அண்ணனின் கேட்டரிங் வெப்சைட்டில் 'சைவம் மட்டும்' என்ற புதுக் கட்டத்தைப் போன மாதம் சேர்த்தவன் இவன். ஆர்டருக்கு என்னென்ன விவரங்கள் உண்டோ அத்தனையையும் நிரலில் கிளாஸ் என்னும் பகுதியின் தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும் என்று வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். இவனோ சைவத்தை அங்கே அறிவிக்காமல் போகிற போக்கில் ஒட்டவைத்திருந்தான்.

"கிச்சன் சீட்டுல வருதா?"

"ஸ்கிரீன்ல எல்லாம் ஓகே லா."

"சீட்டுல?"

சமையல்காரர்கள் பார்த்துச் சமைக்கும் அந்தச் சீட்டு, கிளாஸில் அறிவித்ததை மட்டுமே எடுத்து அச்சிடும். இன்றைய சீட்டுகளைத் திறந்தேன். பெயர், முகவரி, எத்தனை பேர், எல்லாம் இருந்தன. சைவம் இல்லை. சொல்லாவிட்டால் அந்தச் சமையலறையில் மட்டன் பிரியாணிதான்.

தைப்பூசக் காவடிக்காக என் கணவர் குரு விரதத்தில் இருக்கிறார். கிள்ளானில் எங்கள் வீட்டில் இன்று மதியம் பூஜை. சாப்பாட்டை இதே வெப்சைட்டில்தான் போட்டிருந்தேன். "கிச்சனுக்கு ஒரு போன் அடிச்சு சொல்லிறவா?" என்று காலையில் மாமியார் கேட்டபோது, "நான் செஞ்ச வெப்சைட் அத்தே, போன் எதுக்கு?" என்று மிதப்பாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

சமையலறைக்கு அடித்தால் எங்கேஜ்ட். வேன் ஓட்டும் நாகையா எடுக்கவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், ஜைத்தைத் திட்டினேன். பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது நாகையாவே கூப்பிட்டார்.

"அண்ணே, எங்க வீட்டு சாப்பாடு?"

"இப்பதான்மா இறக்கிட்டு வரேன். சுடச்சுட மட்டன்."

"சைவம்னு டிக் பண்ணிருந்தேனே!"

"சீட்டுல ஒண்ணும் வரலயேம்மா. சைவம் வேணும்னா எல்லாரும் கிச்சனுக்கு போன் அடிச்சு ஒரு வார்த்த சொல்லிருவாங்க. அப்படித்தானே இத்தன நாளா ஓடுது. உங்க வீட்லருந்துதான் யாரும் கூப்பிடல."

வீட்டுக்கு அடித்தேன். மாமியார் உடனே எடுத்தார்.

"சாமி முன்னால வச்சு மூடியத் திறந்துட்டோம்மா. குரு வெளிய போய் நிக்கிறான்."

திட்டியிருந்தாலாவது அழுதிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னார்.

"நீ சொன்னியேன்னுதான்மா நான் கூப்பிடல."