மடித்து வைத்த ஏப்ரன்

"பேட்ஜ் ரிப்போர்ட் மூணு மாசத்துக்கு ஒரு தடவை வருது, ஒரு வாட்டியாவது..."

"நான் பேட்ஜ பத்தியா சார் பேசறேன்..."

"...அதிகமா காட்டியிருக்கா? அப்புறம் என்ன?"

"அது எக்ஸ்ரே கதிர அளக்குற பேட்ஜு சார்! எம் பொண்ணு ரத்தத்துல கீறது ஈயம்!"

டாக்டர் வாசுதேவன் எக்ஸ்ரே அறைக் கதவைச் சாத்தினார். வெளியே நாயும் பூனையுமாக ஆட்கள் காத்திருந்தார்கள்.

அன்பரசி இந்தச் செங்கல்பட்டு கால்நடை மருத்துவமனையில் ஏழு வருஷமாக நாய்களைப் பிடித்துக்கொள்பவள். படம் எடுக்கையில் நாய் ஆடக் கூடாது. பிடிக்கிறவர் மேல் கதிர் படக் கூடாது. அதற்குத்தான் ஈயம் வைத்த அந்தக் கனத்த ஏப்ரன். நாய் அதில் மூத்திரம் பெய்தால் சோப்புப் போட்டுத் தேய்ப்பாள். காய்ந்ததும் புடவை மடிப்பதுபோல் நாலாக மடித்து அலமாரியில் வைப்பாள். அதைத் தொங்கத்தான் விட வேண்டும், மடித்தால் உள்ளே ஈயம் நொறுங்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. மூலை கிழிந்தபோது அவளே தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அதே சட்டையோடு வீட்டுக்குப் போய் மூன்று வயது அனுவைத் தூக்கிக்கொள்வாள். நேற்று அனுவின் ரிப்போர்ட் வந்தது.

"உங்க வீட்டுல பாரும்மா. பழைய பெயின்ட் இருக்கும், குங்குமம் இருக்கும், அதுலயும் ஈயம் கலக்கறாங்க."

"சர்ச்சுக்குப் போறவ சார் நானு. குங்குமத்துக்கு எங்க போவேன்? வூட்டு செவுத்துல பெயின்ட்ட கண்ணால பாத்ததில்ல, வெறும் சுண்ணாம்பு. கிழிஞ்சிட்ச்சின்னு எத்தினி தபா வந்து நின்னேன்? டேப்பு ஒட்டு, கதிர் உள்ள வராதுன்னீங்க."

"வரலையே!"

"ஈயம் வெளிய வந்திச்சே! எங்கேர்ந்து வந்திச்சின்னு கொழந்த டாக்டரு கேக்குறாரு. இந்த ஏப்ரன்லேர்ந்துன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. எங்கூட நாய் புடிக்கிற ரேணுகாவுக்கும் டெஸ்ட் எடுங்க, அவ அஞ்சு மாச புள்ளத்தாச்சி சார், காலைல கூட இதத்தான் மாட்டிகினு நின்னா."

"எழுதினா நாளைக்கே இந்த ஆஸ்பத்திரிய மூடணும். நாலு பேர் பொழப்பு அன்பு. ஏப்ரன்ல இருக்கிறது வெறும் ரப்பர் தூள், ஒண்ணும் பண்ணாது."

அன்பரசி அலமாரியைத் திறந்து ஏப்ரனை இரு கையாலும் தூக்கி, நாய் படுக்கும் மேசைமேல், அவர் பக்கமாகப் போட்டாள். தான் போட்ட தையலில் நகத்தை நுழைத்துப் பிரித்தாள். மடிப்பிலிருந்து சாம்பல் நிறப் பொடி மேசையில் வழிந்தது.

வாசுதேவன் இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார். கைக்குட்டை மூக்குக்குப் போயிருந்தது.

"அத எடுங்க சார். மூக்குலேர்ந்து அத எடுத்துட்டு சொல்லுங்க, இது ஒண்ணும் பண்ணாதுன்னு."