ரேடியோ நடத்திய மௌன நடை

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருப்பவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது அவளுடைய நாத்தனார்தான். அதே இடத்தில் நர்ஸாக இருந்த அவள், "எங்க அண்ணி வாயைத் திறந்தா வந்தவங்களுக்குப் பல்வலியே மறந்துபோகும்" என்பாள்.

ஊழியர்களுக்காக டாக்டரம்மா ஏற்பாடு செய்திருந்த மௌன நடைக்கு ஞாயிறு காலை எல்லோரும் காட்டுப் பாதையின் தொடக்கத்தில் வந்து நின்றார்கள். நடத்த வேண்டிய பயிற்சியாளரைத்தான் காணோம். கால் சுளுக்கிக்கொண்டதாக ரேடியோவுக்கு ஃபோன் வந்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"நீங்களே முன்னாடி நடங்க. மூச்சைக் கவனிங்க, பேசாதீங்க. மத்தவங்க உங்களைப் பார்த்து அப்படியே செஞ்சா போதும்."

"நானா? பேசாமலா?"

நாத்தனார் சிரிப்பை அடக்க மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரேடியோ உதட்டை இறுக மூடி நடந்தாள். முதல் வளைவுக்குள்ளேயே பேச்சு தொண்டைவரை வந்து முட்டியது. அணில் ஒன்று தலைகீழாக இறங்கி வந்தது. அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. காதருகே கொசு ரீங்கரித்தது. கையை வீசி விரட்டினாள். கழுத்தில் எறும்பு ஊர்ந்தது. தோளைக் குலுக்கினாள். செருப்புக்குள் புகுந்த கல்லை உதற ஒற்றைக் காலைத் தூக்கியவள், தற்செயலாகத் திரும்பினாள்.

டாக்டரம்மா முதற்கொண்டு அத்தனை பேரும் பயபக்தியோடு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார்கள். கணக்கர் கண்ணை வேறு மூடியிருந்தார்.

சந்தேகத்துக்கு மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். எல்லோரும் மூக்கைத் தொட்டார்கள்.

அதற்குமேல் முடியவில்லை. குபுக்கென்று சிரித்துவிட்டாள். அதுவும் பயிற்சிதான் என்று நினைத்து எல்லோரும் ஒரே குரலில் "ஹா ஹா" என்றார்கள். கணக்கரின் சிரிப்பு அளந்து எடுத்ததுபோல் வந்தது. அதைக் கேட்டு ரேடியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"அண்ணி! செருப்புல கல்லா?" என்று கூவினாள் நாத்தனார்.

பிறகு வந்ததுதான் நிஜச் சிரிப்பு. டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடுத்தவங்க கடைவாய்ப் பல்லையே பார்த்துட்டிருந்தேன். என்னோடது தெரியற மாதிரி சிரிச்சு எத்தனை வருஷமாச்சு!"

சிரித்து ஓய்ந்தபின் எழுந்திருக்க யாருக்கும் மனம் வரவில்லை. சருகுகளின்மேல் அப்படியே இருந்தார்கள். எங்கோ மேலே மரங்கொத்தி தட்டியது, நிறுத்தியது, மறுபடி தட்டியது. காற்று ஒரு மரத்தைக் குலுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனது. சொல்வதற்கு எவ்வளவோ இருந்தும் ரேடியோவுக்கு வாய் திறக்கத் தோன்றவில்லை. தன் மூச்சு போய்வருவதுகூடக் கேட்டது. 'அட, இது நல்லாத்தான் இருக்கு' என்று நினைத்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து டாக்டரம்மாதான் எழுந்தார். "அடுத்த மாசமும் நீயே நடத்தும்மா. அந்தப் பயிற்சியாளரும் வந்து உன் பின்னாடி நடக்கட்டும்."

"நடத்தறேன் டாக்டர். ஆனா திரும்பிப் போறப்ப பேசலாம்னு வச்சுக்கணும்."

"தாராளமா."

பேருந்து நிற்கும் இடம்வரை அவள் வாய் ஓயவில்லை. கணக்கர் பக்கத்திலேயே நடந்து, ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டே வந்தார்.