முருகன் வீடு

ஹில்டாவுக்குச் சுக்கு என்ற சொல் வரவில்லை. கருப்பட்டிக் கடை வாசலில் நின்றுகொண்டு, "அதான் அண்ணாச்சி, காபிக்குத் தட்டிப் போடுவோம்லா, காரமா..." என்று கையை ஆட்டினாள்.

"சுக்கா? பேரச் சொன்னா வாயில இருக்க முத்தா கொட்டிரும்?" என்று சிரித்தார் கடைக்கார லிங்கராஜ்.

அவளால் சிரிக்க முடியவில்லை. அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் சாமான்களின் பெயர்கள் போயின. பிறகு நடக்காதவையெல்லாம் நடந்தவையாக வந்து உட்கார்ந்துகொண்டன. சாவதற்கு முன் ஹில்டாவையே யாரென்று கேட்டாள்.

சொல் மறப்பதைவிட, நடக்காததை நினைத்துக்கொண்டிருப்பதுதான் ஹில்டாவுக்குப் பயம். அப்படி ஒன்று அவளிடம் சிறு வயதிலிருந்தே இருந்தது. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். குவார்ட்டர்ஸில் எல்லாம் ஒரே அச்சு வீடுகள்; ஒரே கதவு, ஒரே ஜன்னல், ஒரே உயரத்துக்கு வெட்டிவிட்ட செடிவேலி. ஒன்றாம் வகுப்புப் படிக்கையில் ஒரு மதியம் பள்ளி விட்டு வீட்டுக்குள் நுழைந்தால், இயேசுவின் திருஇருதயப் படம் இருந்த இடத்தில் மயிலோடு முருகன் நின்றார். அடுப்படியிலிருந்து வேறொரு அம்மா வந்து, ஒன்றும் கேட்காமல் சோறு போட்டாள். சாப்பிட்டுப் படுத்தவள், விழித்தபோது தன் வீட்டில் கிடந்தாள்.

"கனவு கண்டிருக்க" என்றாள் அம்மா. "உன் முருகன் வீட்டுல இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று அண்ணன் அமலன் இன்றும் கேலி செய்வான். ஆனால் அந்தப் பாயின் கோரை வாசனைகூட ஹில்டாவுக்கு மறக்கவில்லை. இல்லாத ஒன்று இத்தனை துல்லியமாக இருக்குமென்றால், அம்மாவின் நோய் அந்த வயதிலேயே தனக்குள் வந்து காத்திருந்ததோ?

சுக்கைப் பொட்டலம் கட்டிக்கொண்டே லிங்கராஜ் அவளை உற்றுப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதிய. நீங்க ஹார்பர் குவார்ட்டர்ஸ்ல இருந்தியளோ? கிரேன் பெர்னாண்டோ மகளா?"

"ஆமா."

"அதானே பாத்தேன். அப்படியே உங்கம்மா சாயல்லா!"

அவள் கேட்கப் பயந்த வார்த்தை அது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"நாங்க பின்வரிசை. ஒருநாள் எங்க வீட்டுல வந்து என் பாயில படுத்து உறங்குனியளே, நெனப்பிருக்கா?"

ஹில்டா கடைப் பலகையை ஒட்டி வந்தாள். "அது உங்க வீடா?"

"பின்ன? பள்ளிக்கூடம் விட்டு வாரேன், ஒரு பொம்பளப்புள்ள என் பாயில கெடக்கு. 'சத்தங்காட்டாதல, பாவம் வீடு மாறி வந்துட்டு'ங்கா எங்கம்மா. முருகனப் பாத்துச் சிலுவை போட்டுட்டுத்தான் சோத்துல கை வச்சியளாம். அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

சிலுவை போட்டதை ஹில்டா யாரிடமும் சொன்னதில்லை, அமலனிடம்கூட.

"பொறவு ஏன் எங்கம்மா கனவுன்னு சொன்னாங்க?"

"காய்ச்சலுக்கு மாத்திரை போட்டு அசந்துட்டாங்களாம். முழிச்சுப் பாத்தா புள்ளையக் காணல. தலைமுடியக்கூட அள்ளி முடியாம வீடு வீடாத் தேடி ஓடியாந்தாங்க. 'அக்கா, வெளிய சொல்லிராதிய, அவருக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னே போடுவாரு'ன்னு அழுதாங்க. உறங்குன புள்ளைய எழுப்பாமத் தோள்ல போட்டுத் தூக்கிட்டுப் போனாங்க."

அப்பாவின் கோபம் ஹில்டாவுக்குத் தெரியும். அம்மா நல்ல தெளிவோடு, யோசித்துச் சொன்ன பொய் அது. அந்த வீடு இருந்திருக்கிறது. மூச்சு மார்பின் அடி வரைக்கும் போய் வந்தது. எத்தனை காலமாக மேலாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"உங்க வீட்டுச் சுவரு பச்சைதானே, அண்ணாச்சி?"

"பச்சையா? எல்லா வீட்டுக்கும் ஒரே மஞ்சள்தான அடிச்சான்!"

அதில் மட்டும் தவறிவிட்டாள். தவறினால் என்ன? சொற்கள் நழுவுவதற்கு டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததை இனிப் போய்க் கேட்டுவிடலாம். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"சிரிப்பா இருக்கோ? எனக்குன்னு பொரிச்சு மூடி வச்சிருந்த முட்டையையும்லா தின்னுட்டிய! அன்னைக்கு நான் அழுத அழுகை எனக்குல்லா தெரியும்."

"முட்டையா?"

ஹில்டா யோசித்துப் பார்த்தாள். சோறு ஞாபகம் இருந்தது. அந்த அம்மாவின் ஈரக் கை ஞாபகம் இருந்தது. முட்டை எங்கும் இல்லை.

"மறந்தே போச்சு, அண்ணாச்சி" என்றாள். அப்படிச் சொல்வது எத்தனை சாதாரணமாக இருந்தது.