செக்கடித் தெருவுக்கு ஒரு மெல்லிசுப் பூச்சு

செக்கடித் தெருவுல ரோட்டுக்கு வயசாக வயசாக அது குறுகிக்கிட்டே வந்துச்சு. மனுசனுக்கு வயசானா கூன் விழுறதில்லையா, அந்த மாதிரிதான். தாரு வெளுத்து, ஜல்லி பல்லைக் காட்டி, நரம்பு நரம்பா வெடிப்பு ஓட ஆரம்பிச்சதும், ரெண்டு வரிசை வீடும் ஒண்ணையொண்ணு பாத்து நகந்து வந்துச்சு. தூக்கத்துல புரண்டு படுக்கிற மாதிரி, மெதுவாத்தான்.

எதிர்வீட்டு சொர்ணத்தாய் தன் வாசப்படியில உக்காந்தபடியே முத்துமாரி வீட்டு ஜன்னலுக்குள்ள கையை விட்டு காபித்தூள் வாங்கிக்கிட்டா. ரெண்டு வீட்டுத் துணியும் ஒரே கொடியில காஞ்சுச்சு. தெருச்சண்டைக்கு முன்ன மாதிரி தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்ல, குசுகுசுன்னு திட்டினாலே போதும். இந்த வசதி பல பேருக்குப் பிடிச்சுப் போச்சு.

முத்துமாரிக்குப் பிடிக்கல. அவ சிவில் இன்ஜினியரிங் ரெண்டாவது வருசம். அவ அப்பா ஆவுடையப்பன் அரிசி மில்லுல எடை போடுறவர். மகளைக் காலேஜ்ல சேக்கும்போதே சொல்லிட்டார்: "பஸ்ஸு வாசல்ல வந்து நின்னா படி. மெயின் ரோட்டுல போய் நிக்கணும்னா படிச்சது போதும். உரக்கடைக்காரர் மகன் ஜாதகம் வந்து கிடக்கு."

இப்போ பஸ்ஸு தெருவுக்குள்ள வரும்போது ரெண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கிக்கிட்டு, மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு வந்துச்சு. டிரைவர் ஞானதுரை இறங்கி, பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவுல விரலை விட்டுப் பாத்தார். விரல் போகல.

"இன்னும் கொஞ்சம் ஒடுங்கிச்சுன்னா வண்டி உள்ள வராது தாயி."

முத்துமாரி அன்னைக்கே நகராட்சி ஆபீஸுக்குப் போனா. ஓவர்சியர் தங்கப்பழம் மின்விசிறிக்கு நேர் கீழ உக்காந்து, காத்து தன் மேல படுதான்னு கவனிச்சுக்கிட்டு இருந்தார்.

"செக்கடித் தெரு ரோடா? அது இன்னும் நல்லாத்தானம்மா இருக்கு. குழி விழட்டும், வாங்க."

"பல்லு கொட்டுன பிறகுதான் நீங்க பல்லு விளக்குவீங்களா சார்?"

தங்கப்பழம் நாக்கால தன் பல்லை ஒரு சுத்து தடவிப் பாத்துக்கிட்டார். எல்லாம் இருந்துச்சு.

"சரி, கோபப்படாதீங்க. மொத்தமா பேத்துட்டுப் புதுசாவே போட்டுத் தாரேன். நல்ல கனமா. ரெண்டு பஸ்ஸு எதிரும் புதிருமா போகலாம்."

"ஆஸ்பத்திரி ரோட்டுக்குப் போட்டுக் குடுத்தீங்களே, அந்த மாதிரியா?"

ஆஸ்பத்திரி ரோட்டைப் பேத்துப் புதுசா போட்டதுல அது பச்சைப்பிள்ளையா போச்சு. பச்சைப்பிள்ளைக்கு வழி எப்படித் தெரியும்? காய்ச்சலுக்கு ஊசி போடக் கிளம்பினவர் கழுகுமலை அடிவாரத்துல போய் நின்னார். ரேஷனுக்குப் போன பொம்பளைங்க யார் வீட்டுக் கல்யாணத்துலயோ சாப்பிட்டு, மொய்யும் எழுதிட்டுத் திரும்பி வந்தாங்க. அந்தத் தெருக்காரங்க இப்பவும் சாயங்காலம் ஆனா ரோட்டோரத்துல குந்தி, "இது பால் பண்ணைக்கு, இது ஸ்கூலுக்கு"ன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்காங்க. அது கொட்டாவி விடுது.

"பின்ன என்னதாம்மா வேணும்?"

"மேலாப்புல ஒரு மெல்லிசுப் பூச்சு. தாரு ஒரு தெளிப்பு, அது மேல பொடி ஜல்லி ஒரு தூவல். அப்பளக் கனம் போதும். உள்ள கிடக்கிற பழைய ரோட்டைத் தொடக் கூடாது. எந்த வாசல் எங்க இருக்குன்னு அதுக்குத்தான் தெரியும்."

"அப்பளக் கனத்துல போட்டா போட்டதே தெரியாதேம்மா. அதுல எனக்கு என்ன பேர் கிடைக்கும்?"

"உங்க வீட்டுல தினமும் பாத்திரம் கழுவுறாங்களே, அதுல யாருக்கு சார் பேர் கிடைக்குது?"

தங்கப்பழம் விசிறியை அணைச்சார். அதுதான் அவர் சம்மதிக்கிற முறை. வாசல் வரைக்கும் வந்து ஒரே ஒரு விசயம் சொன்னார்: "பூச்சு இறுகுற வரைக்கும் ரோடு அரைத்தூக்கத்துல கிடக்கும். அப்போ அது மேல எது பட்டாலும் நம்பிரும். பாத்துக்கோங்க."

மறுநாள் ஆளுங்க வந்து ரோட்டைக் கூட்டினாங்க. வெடிப்புக்கெல்லாம் மருந்து விடுற மாதிரி தாரை விட்டு அடைச்சாங்க. அப்புறம் லாரி ஒண்ணு பின்னாலயே நடந்து, சூடா தாரைத் தெளிச்சுக்கிட்டுப் போச்சு. அது மேல பொடி ஜல்லி மழை மாதிரி விழுந்துச்சு. ரோலர் ஏறி இறங்கினப்போ ரோடு ஒரு பெருமூச்சு விட்டுச்சு. ரெண்டு வரிசை வீடும் அவங்கவங்க பழைய இடத்துக்குப் பின்னால போச்சு. நடுவுல இருந்த துணிக்கொடி அறுந்து, சொர்ணத்தாயோட சேலை ஆவுடையப்பன் வீட்டுல தங்கிருச்சு. தெரு பூரா ஒரு கருப்பு அமைதி. நாய்கூட அதை மோந்து பாத்துட்டு, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு ஓரமா போச்சு.

முத்துமாரி வீடு வீடா ஏறினா. "வண்டியை உருட்டிக்கிட்டுத்தான் போகணும். தண்ணி ஊத்தக் கூடாது. பிள்ளைங்க பம்பரம் விடக் கூடாது, அப்புறம் தெருவே சுத்தும், சொல்லிட்டேன்."

"கலெக்டரம்மா சொல்லிட்டாங்க, கேட்டுக்கோங்க"ன்னு ஒருத்தர் நக்கலடிச்சார்.

"ஆமா, நான் கலெக்டரா இருந்தா உங்களைத்தான் முதல்ல மாத்துவேன்."

விடிஞ்சு அவ கதவைத் திறந்தப்போ, எதிர்வீட்டு வாசல்ல இருந்து ரோட்டோட நடு வரைக்கும் வெள்ளை வெளேர்னு ஒரு சிக்குக் கோலம் கிடந்துச்சு. ஒரே இழை. ஆரம்பமும் இல்ல, முடிவும் இல்ல. சொர்ணத்தாய் மாவுக்கிண்ணத்தோட நின்னு அழகு பாத்துக்கிட்டு இருந்தா.

"அத்தே, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஏன்ட்டி, தண்ணி தெளிக்காதன்னு சொன்ன. தெளிச்சேனா? கோலத்தைப் பத்தி நீ ஒரு வார்த்தை சொல்லலியே."

"இதையுமா வாய்விட்டுச் சொல்லணும்?"

"வாசல் வெறுமனே கிடந்தா போற வாறவன் என் வீட்டுல எழவு விழுந்துச்சான்னு கேக்க மாட்டானா? உங்க மாமா உள்ள குத்துக்கல்லு மாதிரி உக்காந்து காபி குடிக்காரு."

ரோடு அதுக்குள்ள கோலம்தான் வழின்னு நம்பிருச்சு. பால்காரர் சைக்கிளை உருட்டிக்கிட்டு வந்தவர், சொர்ணத்தாய் வாசல்ல வளைஞ்சு, புள்ளியைச் சுத்தி, குறுக்க வெட்டி, திரும்பவும் அவ வாசலுக்கே வந்தார். "பால்"னார். ஊத்தினார். மறுபடி சுத்தி வந்து, "பால்"னார். சொர்ணத்தாய் வேற பாத்திரம் கொண்டாந்தா.

காலேஜ் பஸ் வந்துச்சு. கண்ணாடியை மடக்காம, நெஞ்சை நிமித்திக்கிட்டு வந்து ஆவுடையப்பன் வாசல்ல நின்னுச்சு. அப்புறம் கோலத்துக்குள்ள போய் நெளிஞ்சு வளைஞ்சு, திரும்பவும் அதே வாசல்ல வந்து நின்னுச்சு. ஆவுடையப்பன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கிட்டே பாத்தார்.

"வாசலுக்கு வரணும்னு சொன்னேன். வந்துருச்சு. ஏறு."

"இது வாசலுக்கு மட்டும்தாம்ப்பா வருது. காலேஜுக்குப் போகாது."

"அது எனக்கும் பஸ்ஸுக்கும் உள்ள பேச்சில்ல. ஆனா ஒண்ணு, போகாத பஸ்ஸுக்கு நான் ஏன் ஃபீஸ் கட்டணும்? சாயங்காலம் உரக்கடைக்காரரை வரச் சொல்லுதேன்."

முத்துமாரிக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. ரோட்டைத் தாண்டி சொர்ணத்தாய்கிட்ட போகணும். கோலத்து வழியாத்தான் போக முடிஞ்சுது. ஒவ்வொரு வளைவுலயும் அவ கோபம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிச்சு. போய்ச் சேந்தப்போ திட்ட வச்சிருந்ததுல பாதிதான் மிச்சம்.

"அத்தே, ஒரு இடத்துல இழையை வெட்டி விடுங்க. பஸ்ஸு வெளிய போகட்டும்."

"கோலத்தை வெட்டுனா வீட்டுக்கு ஆகாதுட்டி."

"அப்போ என் படிப்பை வெட்டலாமா?"

சொர்ணத்தாய் அவளை உத்துப் பாத்தா. சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டுக் குனிஞ்சா.

"வெட்ட மாட்டேன். இழுத்து விடுதேன். உங்க காலேஜு எந்தப் பக்கம்?"

"கிழக்க."

"எம்புட்டுத் தூரம்?"

"பஸ்ஸுல போனா ஒரு தூக்கம்."

சொர்ணத்தாய் ஒரு வளைவுல இருந்து இழையைக் கிழக்குப் பக்கமா இழுத்தா. மாவு தீந்துச்சு. அடுத்த வீட்டுக்காரி தன் கிண்ணத்தை நீட்டினா, அதுக்கடுத்தவ தன் டப்பாவையே கொண்டாந்தா. ஆவுடையப்பன் செருப்பை மாட்டினார். அப்புறம் மில்லுக்குப் போய், ஒரு மூட்டை மாவை எடை போடாமலே தோள்ல தூக்கிக்கிட்டு வந்தார். மகளைப் பாக்கல. மூட்டையை அவுத்துக் குடுத்துட்டு, சொர்ணத்தாய்க்குப் பின்னாலயே நடந்தார். ரோடு அரைத்தூக்கத்துல "சரி, சரி"ன்னு கேட்டுக்கிட்டே கிடந்துச்சு. இழை தெருமுனையைத் தாண்டிப் போய் கண்ணுக்கு மறைஞ்சுச்சு.

முத்துமாரி பஸ்ல ஏறினா. பஸ் வெள்ளை இழையைப் பிடிச்சுக்கிட்டுப் போச்சு, ஆட்டம் இல்லாம, பாயில படுத்துக்கிட்டே போற மாதிரி. பனங்காடு வந்துச்சு. தீப்பெட்டிக் கம்பெனி வந்துச்சு. ஒரு பாலத்துல சொர்ணத்தாயும் ஆவுடையப்பனும் உக்காந்து காலை நீவிக்கிட்டு இருந்தாங்க. மூட்டை முக்காவாசி காலி. அவங்க நின்ன பிறகும் இழை தானா கிழக்க ஓடிக்கிட்டு இருந்துச்சு.

காலேஜ் கேட்டும் வந்துச்சு. இழை அங்க நிக்கல, பஸ்ஸும் நிக்கல. வாசல்ல நின்ன லெக்சரர் கையை நீட்டி ஓடி வந்து ஏறிக்கிட்டார். கரும்பலகையை ரெண்டு பேர் பின்பக்கப் படி வழியா ஏத்தினாங்க. அவர் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அட்டெண்டன்ஸ் எடுத்தார்.

"முத்துமாரி."

"பிரசென்ட் சார்."

அவ ஜன்னலை ஒட்டி உக்காந்து நோட்டைத் திறந்தா. கொஞ்ச நேரத்துல எதிர்க்கக் கடல் வந்துச்சு, ரோட்டை முழுசா அடைச்சுக்கிட்டு. ஞானதுரை ஹார்ன் அடிச்சார். கடல் இடது ஓரமா ஒதுங்கி வழி விட்டுச்சு. அவர் மரியாதைக்கு ஒரு தடவை லைட்டைப் போட்டு அணைச்சுட்டு, கியரை மாத்தினார்.