மூன்றாவது அழைப்பு

"கெசையா ஹாலோவே!" என்று நீதிமன்ற வாசலில் நின்று டவாலி முதன்முறை கூவியபோது, என்னருகே மரத்தடியில் அமர்ந்திருந்த கெசையா தலையை உயர்த்தவில்லை. மும்முறை அழைப்பார்கள், மூன்றிலும் வராவிட்டால் சாட்சி இல்லையென்று வழக்கைத் தள்ளிவிடுவார்கள். அவளையன்றி வேறு சாட்சியும் இல்லை. தன் குதிரைக்கு வழிவிட்டு வாய்க்காலில் இறங்க மறுத்ததற்காக அவள் கணவன் சைலஸ் மெரிட்டைச் சுட்டுக்கொன்றவன், எங்கள் பழைய எசமானின் இளைய மகன் வாரன் ஹாலோவே. அவன் படிக்கட்டின்மேல் நின்று வேர்க்கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தான்.

எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தும் நான்தான் முறையீட்டை எழுதினேன். 'கெசையா மெரிட்' என்று ஓரெழுத்தும் பிசகாமல் எழுதியிருந்தேன். அடிமைத்தளையிலிருந்து எங்களுக்கு விடுதலை வந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. கறுப்பரின் சாட்சியத்தையும் நீதிமன்றம் கேட்கவேண்டுமென்று ஜார்ஜியாவில் சட்டமும் வந்துவிட்டது. ஆயினும் எழுத்தர் அவள் பெயரை அடித்துவிட்டுப் பழைய எசமானின் பெயரை எழுதியிருந்தார். அதனைப் பிழையென்று நம்ப நான் ஆயத்தமாக இல்லை. பிழை செய்தவனுக்கு நாணம் இருக்கும். காலையில் நான் சுட்டிக்காட்டியபோது அந்த மனிதர் சிரித்தார்.

"என்ன வாத்தி, உன் சாட்சி பருத்தி எடுக்கப் போயிடுச்சா?" என்றான் வாரன். வேலியோரம் குதிரைகளின்மேல் அமர்ந்திருந்த அவன் கூட்டாளிகள் ஒன்பது பேரும் நகைத்தார்கள். தங்கள் துப்பாக்கிகளை அவர்கள் மறைக்கக்கூட இல்லை.

இரண்டாம் அழைப்பு வந்தது. இப்போதைக்கு எழுந்துவிடு, பெயரை உள்ளே சென்று திருத்திக்கொள்ளலாம் என்று நான் கெஞ்சினேன்.

"உள்ள போனா யாரு திருத்துவா, வாத்தியாரே?" என்றாள் அவள். "அந்தப் பேருக்கு எந்திரிச்சா நான் அவங்க வீட்டு உருப்படி. உருப்படிக்கு ஏது புருசன்? செத்தவன் உனக்கு யாருன்னுதான் அவங்க வக்கீல் மொதக் கேள்வியே கேப்பான்."

அடிமைகளின் திருமணத்தை எச்சட்டமும் ஏற்றதில்லை. பதினோர் ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தபின், சென்ற ஆண்டு படையதிகாரியின் முன்னிலையில் அவ்விருவரும் மறுபடியும் மணந்துகொண்டது ஒரேயொரு தாளுக்காக. 'கெசையா மெரிட்' என்று எழுதியிருந்த அந்தத் தாளை அவள் மடியிலிருந்து எடுத்தாள். மடிப்புகளில் வியர்வைக் கறை படிந்திருந்தது.

"நீங்க என்கூட வராம இங்கயே இருங்க. நம்ம பள்ளிக்கூடத்தயாவது கொளுத்தாம விடட்டும்."

அவள் எழுந்து, தாளை விரித்துத் தலைக்குமேல் இரு கைகளாலும் பிடித்தபடி, படிக்கட்டை நோக்கி நடந்தாள். வேலியோரம் ஒரு குதிரை கால் மாற்றி நின்றது. சிரிப்பொலி அடங்கிவிட்டது. என் தொப்பி எப்போது என் கைக்கு வந்ததென்று தெரியவில்லை. நானும் எழுந்து நின்றிருந்தேன்.

மூன்றாம் முறை கூவுவதற்காக மூச்சை இழுத்த டவாலி, வாயை மூடவும் மாட்டாமல் கூவவும் மாட்டாமல் அவளையே பார்த்தான். வாரனின் விரலிடுக்கில் உடைபடாத கடலை ஒன்று இருந்தது. இன்னும் ஐந்து படிகள். தலைக்குமேல் அந்தத் தாள் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.