அறுநூறு மைல் குறைச்சல்

தியோலிந்தா போர்பா வண்டி வாங்கப் போனால் முதலில் தரையில் மல்லாந்து படுத்துவிடுவாள். மாட்டுக்குக் குளம்பு சீவுகிறவளுக்கு எதையும் அடியிலிருந்து பார்த்தால்தான் திருப்தி. பசுவை இரும்புக் கூண்டுக்குள் விட்டு, வயிற்றுக்கு வார் போட்டு, கூண்டோடு பக்கவாட்டில் சாய்ப்பாள். நாலு கால்களும் கண்ணுக்கு நேரே வந்த பிறகுதான் அது ஏன் நொண்டுகிறது என்று தெரியும். மேலே பளபளவென்று நிற்கிற பசுவின் உள்ளங்குளம்பில் சீழ் கட்டியிருக்கும்.

சாய்கிற அந்தக் கூண்டுதான் அவள் தொழில். சக்கரம் வைத்த இரும்பு மலை அது. அதைப் பண்ணைக்குப் பண்ணை இழுத்துப் போக டீசல் பிக்கப் வேண்டும். பெட்ரோல் வண்டியில் மாட்டினால் முதல் மேட்டிலேயே மூச்சு வாங்கும். அவளுடைய பழைய பிக்கப் குஸ்டைன் சாலையில் எஞ்சின் உடைந்து நின்றுவிட்டது. அதே வாரம்தான் வேன்ஸ்ட்ரா பண்ணை அவளைக் கூப்பிட்டது. இரண்டாயிரம் பசுக்கள், ஒவ்வொன்றுக்கும் வருடத்தில் இரண்டு தடவை சீவல். ஒரே பண்ணை வருடம் முழுக்கச் சோறு போடும்.

"திங்கக்கிழமை காலைல கூண்டோட வந்துடணும் தியோ. வரலைன்னா நான் துலாரி ஊர்ல குளம்பு சீவறவனைத்தான் கூப்பிடணும். கோவிச்சுக்காத, மாடுங்க நொண்டுது" என்று ஹென்ரிக் வேன்ஸ்ட்ரா முதலிலேயே சொல்லிவிட்டார்.

அவள் ஊரான ஹில்மாரைச் சுற்றி டீசல் பிக்கப்புக்குப் பஞ்சமில்லை. நல்ல டீசல் பிக்கப்புக்குத்தான் பஞ்சம். டீசல் எரிந்தால் கரி வரும். அந்தக் கரியைப் பிடிக்கப் புகைக்குழாயின் நடுவில் ஒரு வடிகட்டி இருக்கிறது; தேன்கூடு மாதிரி நுண்ணிய அறைகள் கொண்ட பீங்கான் உருளை. கரி சேர்ந்ததும் அது தானே சூடாகி, சேர்ந்ததை எரித்துச் சாம்பலாக்கிக்கொள்ளும். அதற்கடுத்து, கண்ணுக்குத் தெரியாத நச்சுக் காற்றை முறிக்க யூரியாத் தண்ணீரைப் பீய்ச்சுகிற கருவி. இரண்டும் பழுதானால் செலவு அதிகம். அதனால் சில பேர் வடிகட்டியை அறுத்து எறிந்துவிட்டு வெறும் குழாயைப் பற்றவைத்து, வண்டிக்குள் இருக்கும் கணினியையும் ஏமாற்றிவிடுவார்கள். வண்டி துள்ளிக்கொண்டு ஓடும். ஆனால் இரண்டு பக்கமும் மலை நிற்கிற இந்தப் பள்ளத்தாக்கில் புகைக்குப் போக்கிடம் கிடையாது. மூடி போட்ட சட்டி மாதிரி இங்கேயே கிடந்து வேகும். கலிபோர்னியா இந்த விஷயத்தில் கண்கொத்திப் பாம்பாக இருப்பது அதனால்தான். வெறும் குழாய் வண்டிக்குப் புகைச்சான்றிதழ் கிடைக்காது, சான்றிதழ் இல்லாமல் பதிவு கிடையாது. அவள் கொழுந்தனார் ஏமாந்து வாங்கின அப்படி ஒரு வண்டி மூன்று வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. அதில் கோழி முட்டையிடுகிறது.

ஆகவே தியோலிந்தா தீர்மானமாக இருந்தாள். யாரும் கை வைக்காத வண்டி, எவ்வளவு குறைவாக ஓடியிருக்கிறதோ அவ்வளவு நல்லது. அப்படி ஒன்று ஐடஹோ மாநிலத்தில் இருந்தது. வைத்திருந்தவர் அர்மிந்து தோஸ்தே. ஹில்மாரில் பண்ணை வைத்திருந்து, நிலத்தை விற்றுவிட்டு ஐடஹோவுக்குக் குடிபோனவர். தியோலிந்தாவின் கல்யாணத்தில் சூப்பு கிண்டினவர்களில் ஒருவர்.

அவர் முற்றத்திலும் அவள் கீழே படுத்தாள்.

"என்ன தியோ, என் வண்டிக்கும் குளம்பு சீவப் போறியா?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"சும்மா இருங்கண்ணே. வெல்டிங் தழும்பு இருக்கான்னு பாக்கறேன்."

"தழும்பா? அதுக்கு இன்னும் பருவமே வரலைம்மா. ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் மைல்தான் ஓடியிருக்கு. முட்டிவலி வந்தப்புறம் நான் அதுல ஏறவே இல்ல."

வடிகட்டி தொழிற்சாலை விட்ட இடத்தில் அப்படியே இருந்தது. யூரியாத் தொட்டி நிறைந்திருந்தது. எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டபோது அவள் முகத்தில் இருந்த சிரிப்பை அர்மிந்துவின் மனைவி பிறகு எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாளாம். பேரம்கூடப் பேசாமல் பணத்தைக் கொடுத்தாள். விற்பனைச் சீட்டில் மைல் கணக்கைத் தன் கையாலேயே, கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினாள்.

நெவாடாவைக் கடந்து மலையிறங்கும் இடத்தில் கலிபோர்னியாவின் சோதனைச் சாவடி. காவலர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பழம், செடி ஏதாவது கொண்டு வர்றீங்களா?"

"ஒரு ஆப்பிள் வெச்சிருந்தேன். வழியிலேயே தின்னுட்டேன்."

"நல்லதாப் போச்சு, கிளம்புங்க."

ஆப்பிளில் பூச்சி வந்துவிடுமோ என்று அத்தனை வண்டிகளையும் நிறுத்துகிற மாநிலம், அவள் உட்கார்ந்திருந்த வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை டர்லாக்கில் ஷீமூனின் புகைச்சோதனைக் கடைக்குப் போனாள். ஷீமூன் அசிரிய இனத்துக்காரர், வண்டியைவிட வாய் வேகமாக ஓடும் மனிதர். கணினியைச் செருகினார், கீழே விளக்கடித்துப் பார்த்தார், எஞ்சினை உறுமவிட்டுக் குழாய் முனையில் கண் வைத்தார். ஒன்றும் வரவில்லை.

"அம்மா தாயே, இந்தக் குழாயில மூக்க வெச்சுத் தூங்கலாம் போலிருக்கே! வாரத்துக்கு இப்படி ஒண்ணு வந்தாப் போதும், எனக்கு ஆயுசு கூடிடும்."

முன்மூடியைத் தூக்கினார். அதன் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். இந்த எஞ்சின் எந்த விதிக்குக் கட்டுப்பட்டுச் செய்யப்பட்டது என்று தொழிற்சாலையே சொல்கிற சீட்டு. அதைப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு வண்டிக்குள் ஏறி மைல் கணக்கைப் பார்த்தார்.

"எங்க வாங்கினீங்க?"

"ஐடஹோல. ஏன்?"

"வாங்கறப்ப எத்தன மைல்?"

"ஆறாயிரத்துத் தொள்ளாயிரம்" என்றாள். அந்த நிமிஷத்திலும் அதைச் சொல்லும்போது அவள் குரலில் பெருமை இருந்தது.

ஷீமூன் தொப்பியைக் கழற்றினார். "இது கலிபோர்னியாவுக்குன்னு செஞ்ச வண்டி இல்லம்மா. மத்த மாநிலத்துக்குச் செஞ்சது. நான் பாஸ் போட்டாலும் பதிவு பண்ண மாட்டாங்க."

"சுத்தமா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க!"

"சுத்தந்தான். ஆனா ஏழாயிரத்து ஐந்நூறு மைலுக்குள்ள இருந்தா சட்டப்படி அது புது வண்டி. புது வண்டின்னா கலிபோர்னியாச் சீட்டு இருந்தே ஆகணும். அதுக்கு மேல ஓடியிருந்தா பழைய வண்டி. அப்ப இந்தச் சீட்டே போதும், சோதனையில பாஸானா முடிஞ்சுது."

தியோலிந்தாவுக்குப் புரிய நேரம் பிடித்தது. கண்டிப்பு குறைந்த மாநிலத்துக்குப் போய்ப் புது வண்டி வாங்கிவந்து விதியை ஏய்க்கக்கூடாது என்பதற்காகப் போட்ட வேலி அது. ஏய்க்கிறவன் புதிதாகத்தானே வாங்குவான்? அதனால் புதிது என்பதற்கு ஒரு கோடு கிழித்திருந்தார்கள். ஏமாறக்கூடாது என்று ஓடாத வண்டியாகத் தேடித் தேடிப் போய், அவள் நேராக அந்தக் கோட்டுக்குள் இறங்கியிருந்தாள்.

"அறுநூறு மைல்தானே குறையுது? ஐடஹோலேருந்து ஓட்டிட்டு வந்ததுலயே பாதிக்கு மேல தீர்ந்திருக்குமே. மிச்சத்துக்கு இப்பவே லாஸ் ஏஞ்சலஸ் போயிட்டு வந்துடறேன்."

"இன்னிக்குக் கணக்கு இல்லம்மா. நீங்க வாங்கின அன்னிக்கு என்ன இருந்துச்சோ அதான் கணக்கு. நிலாவுக்குப் போயிட்டு வந்தாலும் அது மாறாது."

அவர் சொன்னதை அவள் நம்பவில்லை. நேரே வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே சன்னலுக்குப் பின்னால் ரோசல்வா என்று பெயர்ப்பட்டை குத்திய பெண். விற்பனைச் சீட்டில் கொட்டை எழுத்தில் இருந்த எண்ணைப் பார்த்ததும் அவள் தலையை ஆட்டினாள்.

"முடியாதுங்க. இந்த வண்டி வெளி மாநிலத்துக்குத்தான் போகணும்."

"விதிவிலக்கே இல்லையா?"

"இருக்கு. வாரிசா வந்திருந்தா சரி. விவாகரத்துல உங்க பங்கா வந்திருந்தாலும் சரி."

பின்னால் வரிசையில் நின்ற ஒரு கிழவர் சத்தமாகச் சொன்னார்: "வித்தவனையே கட்டிக்கிட்டு ஒரு மாசத்துல தள்ளி வெச்சிடும்மா!"

வரிசை முழுக்கச் சிரித்தது. ரோசல்வாவும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தியோலிந்தா மட்டும் சிரிக்கவில்லை. வண்டிக்குத் திரும்பிக் கதவைச் சாத்தினாள். வண்டிக்குள் இன்னும் புதுத் தோல் வாசனை அடித்தது. கண்ணாடியை இறக்கிவிட்டு வீட்டுக்கு ஓட்டினாள்.

வீட்டில் கணவன் எல்வினோ முதலில் அவள் விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தான்.

"கம்மியா ஓடினதுக்கா வேணாங்கறாங்க? நல்லாப் பாத்தியா, உனக்குக் காது கேக்குதா?"

"ரெண்டு பேரு சொல்லிட்டாங்க எல்வி. மூணாவதா போப்பாண்டவர்கிட்டயா கேக்கச் சொல்ற?"

அர்மிந்துவுக்குப் போன் போட்டார்கள். அவர் பதறிப்போனார். "ஐயோ, மாதா சத்தியமா எனக்குத் தெரியாதும்மா! நான் இந்த ஊர்லயே வாங்கி இந்த ஊர்லயே ஓட்டினவன். கொண்டுவந்து விடு, எங்க ஆளுங்க யார்கிட்டயாவது தள்ளி விடறேன். ஆனா அதே விலை வராது."

விலையைப் பற்றித் தியோலிந்தா யோசிக்கவில்லை. திங்கட்கிழமையைப் பற்றித்தான் யோசித்தாள். ஐடஹோவில் கொடுத்த தற்காலிகக் காகிதத்தோடு ஒரு நாள் இழுத்துப் பார்க்கலாமே என்றான் எல்வினோ. அந்தக் காகிதம் வண்டியை வீடு கொண்டுவந்து சேர்க்கத்தான்; கூண்டை மாட்டித் தொழிலுக்குப் போய் வழியில் யாரையாவது இடித்தால் காப்பீட்டுக்காரன் கையை விரித்துவிடுவான். வாடகை பிக்கப் கொடுப்பவர்கள் அவள் கூண்டின் எடையைக் கேட்டதுமே போனை வைத்தார்கள். ஞாயிறு பூசை முடிந்து தெரிந்தவர்களையெல்லாம் கேட்டுப் பார்த்தாள். சோளம் அறுக்கிற பருவம்; எல்லோருடைய வண்டிக்கும் வேலை இருந்தது.

மாலையில் எல்வினோ ரொட்டியைக் கிழித்துக்கொண்டே சொன்னான்: "நம்ம டிராக்டர் சும்மாத்தானே நிக்குது?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அதுவா? அது எங்கப்பா காலத்து வண்டி. அது விடற புகைக்கு, ரோட்டுல போனா சுடுகாடு நகர்ந்து போற மாதிரி இருக்கும். பிடிச்சு உள்ள வெச்சிடுவாங்க."

"எதுக்குப் பிடிக்கணும்? டிராக்டருக்குப் பதிவும் கிடையாது, சோதனையும் கிடையாது. மெதுவாப் போற வண்டின்னு பின்னால முக்கோணம் மாட்டினாப் போதும்."

சட்டம் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. அவள் இரண்டு தடவை தேடிப் படித்துப் பார்த்தாள். நிலத்துக்காகச் செய்த இயந்திரம், வயலுக்கு வயல் போகிற வழியில் மட்டும் சாலையைத் தொடுகிறது என்று அதைத் தனிக் கணக்கில் வைத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை வெளுக்கும்போது தியோலிந்தா டிராக்டரில் ஏறினாள். பின்னால் கூண்டு, கூண்டின் முதுகில் ஆரஞ்சு முக்கோணம். சாவியைத் திருகினாள். டிராக்டர் இருமியது, குலுங்கியது, மேலே நீட்டிக்கொண்டிருந்த புகைக்குழாயிலிருந்து கரும்புகையைக் குபுகுபுவென்று தள்ளியது. முற்றத்தில் ஐடஹோ வண்டி வாய் மூடி நின்றது. அதன் வெள்ளை நிறத்தில் கரித்தூள் இறங்குவதைப் பார்த்துவிட்டு அவள் கியரைப் போட்டாள்.

வேன்ஸ்ட்ரா பண்ணை பத்துப் பன்னிரண்டு மைல். நடந்து போகிற வேகத்துக்குக் கொஞ்சம் மேலே போனாள். பின்னால் கார்கள் சேர்ந்து, ஊர்வலம் மாதிரி நீண்டது. ஒருத்தன் முந்திப் போகும்போது கண்ணாடியை இறக்கி, "திருவிழா எப்போக்கா?" என்று கத்தினான். இரண்டு இடத்தில் நெடுஞ்சாலைக் காவலர்களின் வண்டி எதிரே வந்தது. இரண்டு தடவையும் அவள் முக்கோணம் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள். முதல் வண்டி கடந்து போனது. இரண்டாவதில் இருந்தவர் தொப்பியைத் தொட்டுச் சிரித்தார். அவ்வளவுதான்.

ஹென்ரிக் வேன்ஸ்ட்ரா வாசலிலேயே நின்றிருந்தார். புகையைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, யார் வீட்டு வைக்கோல் பற்றி எரிகிறது என்று பார்க்க வந்தாராம்.

"என்ன தியோ இது? புது வண்டி வாங்கினேன்னாங்களே?"

"வாங்கினேன். ஓடினது பத்தாது, அதனால ஓட்டக்கூடாதுன்னுட்டாங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், புகைக்குழாயைப் பார்த்தார், தன் தலைக்கு மேலே மெல்லப் பரவிக்கொண்டிருந்த கரும்படலத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இத மட்டும் ஓட்டலாமா?"

"ஓட்டலாமாம்."

"யார் சொன்னது?"

"சட்டந்தான்."

வேன்ஸ்ட்ரா கதவை முழுதாகத் திறந்துவிட்டார்.

"தினமும் இதுலயேவா வருவே?"

"நல்லா அடிபட்டு ஓடித் தேய்ஞ்ச வண்டி ஒண்ணு கிடைக்கற வரைக்கும். கூண்ட ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போகலாமா?"

"விடு, விடு. எந்த மாட்ட முதல்ல கொண்டுவரச் சொல்லட்டும்?"

"ரொம்ப நொண்டறத" என்று சொல்லிவிட்டு, முகத்தில் படிந்த கரியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, தியோலிந்தா கூண்டின் வாரை அவிழ்க்கப் போனாள்.